ஆயா சாப்பிட்ட மாத்திரையும் அட்டையின் கடைசி ஏழும்

கேள்வி: எனக்கு 27 வயது, தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். அடுத்த மாதம் கல்யாணம். இரண்டு வருஷம் போகட்டும், அப்புறம் பிள்ளை பெறலாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். கிளினிக்கில் 28 கருத்தடை மாத்திரை உள்ள அட்டை கொடுத்தார்கள். ஆயா (என் பாட்டி) அதைப் பார்த்ததும் "தொடாதே" என்கிறார். 1967இல் டர்பனில் தையல் ஃபேக்டரியில் வேலை செய்தபோது இதைச் சாப்பிட்டு ஓயாத வாந்தியாம், காலும் வீங்கியதாம். அதே மாத்திரைதானா இது? கடைசி ஏழில் மருந்தே இல்லையாமே, அதையும் சாப்பிட வேண்டுமா?

பதில்: ஆயாவின் பேச்சை வீண் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். அவர் சாப்பிட்ட மாத்திரைக்கு அது உண்மை.

கருத்தடைக்கென்று அமெரிக்காவில் 1960இல் முதலில் அனுமதி பெற்ற மாத்திரை ஈனோவிட். ஒரு மாத்திரையில் ஏறக்குறைய 10 மில்லிகிராம் புரோஜெஸ்டோஜென், கூடவே 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜென், இரண்டும் ஹார்மோன்கள். ஆயா காலத்து மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜென் பெரும்பாலும் 50 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தது. இப்போது வழக்கத்தில் இருப்பவை 20 முதல் 35 வரை. உங்கள் அட்டையின் பின்பக்கம் பாருங்கள், அளவு அச்சிட்டிருக்கும். அன்றைய ஈஸ்ட்ரோஜென் வகை வேறு. அதைக் கணக்கில் எடுத்தாலும் ஈனோவிட் இன்றைய 30 மைக்ரோகிராம் மாத்திரையைப் போல மூன்று மடங்குக்கு மேல் வலுவானது.

ஏன் அவ்வளவு? ஒரு கருமுட்டைகூடத் தப்பக் கூடாது என்று மாத்திரையை உருவாக்கிய கிரிகரி பிங்கஸ் அளவைத் தாராளமாக வைத்தார். 1956இல் போர்ட்டோ ரிக்கோவில் ஏழைப் பெண்களிடம் அதைச் சோதித்தார்கள். அங்கே பொறுப்பில் இருந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே, 17 சதவீதம் பெண்களுக்குக் குமட்டல், தலைசுற்றல், தலைவலி, வாந்தி வருகிறது, இதைப் பொதுவாகக் கொடுக்க முடியாது என்று எழுதினார். பிங்கஸ் அதில் பெரும்பகுதி மனப்பிரமை என்று ஒதுக்கினார். உங்கள் ஆயா 1967இல் பட்டதை அந்தப் பெண்கள் பதினோரு வருஷம் முன்பே சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டிருந்தால் அளவு எப்போதோ குறைந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

கால் வீக்கம் இதைவிட முக்கியம். ஈஸ்ட்ரோஜென் ரத்தத்தை உறையத் தூண்டும். மாத்திரையும் ரத்தக்கட்டியும் சம்பந்தப்பட்ட முதல் செய்தி 1961இல் பிரிட்டனிலிருந்து வந்தது. 1969இல்தான் 50 மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டாம் என்று அங்குள்ள மருந்துப் பாதுகாப்புக் குழு சொன்னது. இன்றைய மாத்திரையில் வருஷத்துக்கு 10,000 பெண்களில் 3 முதல் 9 பேருக்குக் கட்டி வரலாம். சாப்பிடாதவர்களில் 1 முதல் 5. கர்ப்பத்தில் 5 முதல் 20. ஆபத்து சிறியது, ஆனால் இல்லாமல் இல்லை.

ஆகவே ஆயாவிடம் உட்கார்ந்து கேளுங்கள்: ஒரு காலா, இரண்டு காலுமா? வலி இருந்ததா? ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களா? இரண்டு காலும் லேசாக வீங்கியிருந்தால் உடம்பில் நீர் கோத்ததாக இருக்கலாம். ஒரே கால் வீங்கி வலித்திருந்தால் ரத்தக்கட்டியாக இருந்திருக்கலாம். அம்மாவுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ அப்படி வந்திருந்தால் இன்னும் முக்கியம். மாத்திரையைத் தொடங்குமுன் இதை கிளினிக் நர்ஸிடம் சொல்லுங்கள், பிரஷரும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்முன் மின்னல் கோடுகள் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருகிறவர்களும், பிரஷர் அதிகம் உள்ளவர்களும், 35 வயதுக்கு மேல் புகைப்பவர்களும் ஈஸ்ட்ரோஜென் மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்குக் கருப்பைக்குள் வைக்கும் லூப், கைக்குள் வைக்கும் இம்ப்ளான்ட் என்று வேறு வழிகள் உண்டு.

சரி, கடைசி ஏழு. முதல் சோதனைகளில் விடாமல் மாத்திரை கொடுத்தபோது மாதவிலக்கு நின்றது. பெண்கள் கர்ப்பம் என்றே நினைத்துக் குழம்பினார்கள். ஆகவே பிங்கஸும் டாக்டர் ஜான் ராக்கும் மாதாமாதம் சில நாள் இடைவெளி விட்டார்கள். மருந்து நின்றதால் வரும் உதிரப்போக்கு அது, இயற்கையான மாதவிலக்கு அல்ல. உடம்புக்கு அந்த இடைவெளி தேவையில்லை என்று 2019இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலே சொல்லிவிட்டது. தீட்டு வராவிட்டால் கெட்ட ரத்தம் உள்ளே தங்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். மாத்திரை சாப்பிடும்போது கருப்பையின் உட்படலம் தடிமனாக வளர்வதில்லை, தங்குவதற்கு ஒன்றும் இல்லை.

மருந்தில்லாத ஏழும் எண்ணிக்கை தவறாமல் இருக்கத்தான். அதைச் சாப்பிடாவிட்டாலும் பாதுகாப்பு குறையாது. ஆனால் எட்டாம் நாள் புது அட்டையைத் தொடங்கியே தீர வேண்டும். கர்ப்பம் தரிப்பது பெரும்பாலும் இங்கேதான், ஏழு நாள் இடைவெளி ஒன்பது, பத்து நாளாக நீளும்போது. அதனால் அந்த ஏழையும் விடாமல் சாப்பிடுங்கள் என்றுதான் புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சொல்வேன், கை பழகட்டும். கல்யாண நாளில் உதிரப்போக்கு வேண்டாம் என்றால் அந்த ஏழை விட்டுவிட்டு அடுத்த அட்டைக்குப் போகலாம். மருந்துள்ள 21 மாத்திரையும் ஒரே நிறத்தில் இருந்தால்தான் இது எளிது. இரண்டு மூன்று நிறம் இருந்தால் நர்ஸைக் கேட்டுச் செய்யுங்கள். புரோஜெஸ்டோஜென் மட்டும் உள்ள சில அட்டைகளில் 28இலும் மருந்து இருக்கும், அதில் ஒன்றைக்கூட விடக்கூடாது.

மருந்துள்ள மாத்திரை ஒன்று மறந்தால், நினைவு வந்ததும் சாப்பிடுங்கள். இரண்டோ அதற்கு மேலோ விட்டால் ஏழு நாள் காண்டமும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், சில வலிப்பு மருந்துகள், சில எச்ஐவி மருந்துகள் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். சாதாரண ஆன்டிபயாடிக் கெடுக்காது.

இரண்டு வருஷம் கழித்துப் பிள்ளை என்றீர்கள். மாத்திரையை நிறுத்தினால் கருத்தரிக்கும் திறன் சீக்கிரம் திரும்பும். மூன்று மாத ஊசியில் அது ஒரு வருஷம்கூட இழுக்கலாம். 1974இல் இங்கே அன்றைய நிறவெறி அரசு தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கறுப்பினப் பெண்கள் பலருக்கு இதையெல்லாம் சரியாக விளக்காமலே ஊசி போட்டார்கள். உங்களுக்கு எதைக் கொடுத்தாலும் பெயர், அளவு, நிறுத்தினால் என்ன ஆகும் என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அப்புறம், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.