2.8 லட்சத்துக்கு ஸ்மார்ட் சுவிட்ச்: கரண்ட் பில் கடனைக் கட்டிவிடுமா?

கேள்வி: திருச்சியில் சொந்த வீடு, வயது 41. இப்போது மராமத்து வேலை நடக்கிறது. வீடு முழுக்க ஸ்மார்ட் சுவிட்ச், சென்சார், செல்போன் ஆப் எல்லாம் சேர்த்து 2.8 லட்சம் ரூபாய்க்கு இன்டீரியர் ஒப்பந்தக்காரர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். கரண்ட் பில் 30 சதவீதம் குறையும், போட்ட பணம் தானாகத் திரும்பிவிடும் என்கிறார். எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு சுமார் 900 யூனிட் ஆகிறது. வீட்டுக் கடனில் 9 சதவீத வட்டிக்கு டாப்-அப் (கூடுதல் கடன்) தர வங்கி தயார். அம்மாவுக்கு முழங்கால் வலி. ராத்திரி இருட்டில் எழுந்து சுவிட்சைத் தேட முடியவில்லை. வாங்கலாமா?

பதில்: கடன் வாங்கிச் செய்யாதீர்கள். அம்மாவுக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள், அதற்கு 2.8 லட்சம் ஆகாது.

2024 ஜூலை கட்டணப்படி 900 யூனிட்டுக்கு 5,940 ரூபாய் வருகிறது. ஒப்பந்தக்காரர் சொன்ன 30 சதவீதத்தை அப்படியே நம்பிவிடுவோம். 630 யூனிட், 3,230 ரூபாய். ஒரு பில்லுக்கு 2,710 மிச்சம், வருஷத்துக்கு 16,260. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டாப்-அப் கடனை ஏழு வருஷத்தில் அடைப்பதாக இருந்தால் தவணை மாதம் 4,500 ரூபாய். முதல் வருஷ வட்டி மட்டுமே ஏறக்குறைய 24,000. அதாவது, அவர் கணக்கு முழுக்க உண்மையாகவே இருந்தாலும் மிச்சமாகிற பணம் வட்டிக்கே காணாது.

சரி, அந்த 30 சதவீதமாவது வருமா? கொட்டேஷனை விரித்து, எந்தெந்த பாயின்ட்டுக்கு ஸ்மார்ட் சுவிட்ச் என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் விளக்குகளாகத்தான் இருக்கும். 9 வாட் எல்.இ.டி. பல்பை மறந்துபோய் தினமும் ஐந்து மணி நேரம் எரியவிட்டால்கூட இரண்டு மாதத்துக்கு மூன்று யூனிட் ஆகாது. முப்பது ரூபாய்க் கதை. இன்னொரு பக்கம், ஸ்மார்ட் சுவிட்ச் சும்மா இருக்கும்போதும் வைஃபைக்காகக் காதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருக்கும். ஒன்றுக்கு ஒரு வாட் என்று வைத்து 25 சுவிட்ச் மாட்டினால், இரண்டு மாதத்தில் 36 யூனிட் அதற்கே போய்விடும். மிச்சப்படுத்த வந்த சாமான் முதலில் தன் சாப்பாட்டை எடுத்துக்கொள்கிறது.

மின்சாரத்தைத் தின்பது சுவிட்ச் அல்ல, அதன் மறுமுனையில் இருக்கிற பொருள். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்கிற புது வகை மோட்டார் வைத்த ஃபேன் அதே காற்றை 30 வாட்டில் தரும். தினம் 12 மணி நேரம் ஓடுகிற நான்கு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 130 யூனிட் குறையும். இங்கேதான் நம் ஊர் கட்டண அடுக்கு (யூனிட் ஏற ஏற விலையும் ஏறும்) உங்கள் பக்கம் வருகிறது: குறைகிற யூனிட் எல்லாம் மேல் அடுக்கிலிருந்து கழியும். குறைகிற 130-ல் 100 யூனிட் 10.70 ரூபாய் வீதம், மீதி 30 யூனிட் 9.65 வீதம். ஆக பில்லில் 1,360 ரூபாய் குறைகிறது. ஃபேன் ஒன்று 3,000 என்றால் நான்குக்கு 12,000. ஒன்றரை வருஷத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். ஒப்பந்தக்காரர் 2.8 லட்சத்துக்குச் சொன்ன மிச்சத்தில் சரிபாதி இது.

ஏசியை 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் குறையும் என்பது எரிசக்தித் திறன் பணியகமான பி.இ.இ. சொல்கிற கணக்கு. விடியற்காலை நான்கு மணிக்கு ஏசி அணைய வேண்டுமென்றால் ரிமோட்டிலேயே டைமர் இருக்கிறது. அதைப் பெரும்பாலோர் தொட்டதே இல்லை.

ஸ்மார்ட் சாமான் உண்மையிலேயே உதவுகிற இடம் கீசர், நீங்கள் மறந்தாலும் அது அணைத்துவிடும். அதற்கு 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் வாங்குங்கள், 6 ஆம்பியர் வேண்டாம். எங்கள் வீட்டில் நான் விலை குறைவு என்று சின்னதை வாங்கி அடாப்டர் வைத்து மாட்டினேன். மூன்றாம் வாரம் குளியலறைப் பக்கம் கருகிய நாற்றம். கழற்றிப் பார்த்தால் பிளக்கின் முள் செருகியிருந்த ஓட்டை வெல்லப்பாகு போல இளகிக் கிடந்தது. என் அவசரம்தான், வேறு யாரையும் சொல்ல முடியாது.

அம்மாவுக்கு: கட்டிலடியிலிருந்து குளியலறை வரை சென்சார் வைத்த இரண்டு விளக்கு, குரலுக்குக் கட்டுப்படும் ஸ்பீக்கர் ஒன்று, ஸ்மார்ட் பல்பு ஒன்று. 7,000 ரூபாய்க்குள் முடியும். இதில் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டாம், இது அவர் கீழே விழாமல் இருப்பதற்கான செலவு. அப்புறம், இன்டர்நெட் இல்லாதபோதும் எல்லாம் வேலை செய்யுமா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். ரிவால்வ் என்ற ஸ்மார்ட் ஹோம் கருவியை அமெரிக்காவில் 300 டாலருக்கு விற்றார்கள். அதைத் தயாரித்த நிறுவனத்தை 2014-ல் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் அந்தக் கருவி நம்பியிருந்த சர்வரை நெஸ்ட் நிறுத்தியதும், கருவியை வாங்கியவர்கள் கையில் மிஞ்சியது வெறும் பெட்டி. 2.8 லட்சத்தையும் ஒரே ஆப்பை நம்பிப் போடுவதில் இந்த ஆபத்தும் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் பெரிய தொகை போட வேண்டும் என்று தோன்றினால் மொட்டைமாடியைப் பாருங்கள். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. நல்ல வெயிலில் தினம் 12 யூனிட் அளவுக்கு வரும். நிழல் விழுகிறதா என்று பார்த்துவிட்டு, நெட் மீட்டர் (நீங்கள் ஈ.பி.க்குத் தரும் யூனிட்டையும் எண்ணும் மீட்டர்) கட்டணத்தை ஈ.பி. அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் நான்கு ஃபேனை மாற்றுங்கள். அடுத்த ரீடிங் எடுத்ததும் யூனிட் எவ்வளவு என்று எழுதுங்கள், சோலார் எத்தனை கிலோவாட் போதும் என்று அப்போது சொல்கிறேன். அதுவரை டாப்-அப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம்.