இங்கிலாந்தின் பழைய இலையுதிர் காட்டைப் பார்க்க எப்போது போகலாம்?

ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம். வேறு யோசனையே வேண்டாம். ஓக் மரங்கள் முழுதாகத் தழைத்து வெயிலை மறைப்பதற்குள் புளூபெல் என்ற நீலப் பூச்செடி பூத்து முடிக்க வேண்டும். அந்தச் சில வாரங்கள் தரையெல்லாம் நீலம்தான்.

இங்கிலாந்தில் 1600-லிருந்தாவது தொடர்ந்து காடாகவே இருக்கும் இடத்தைத்தான் தொன்மையான காடு என்கிறார்கள். கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் உள்ள பிராட்ஃபீல்டு காட்டுக்குப் போய்ப் பாருங்கள். 1252 முதலே அங்கே மரங்களைத் தரையோடு வெட்டி, மறுபடி துளிர்க்க விடுகிறார்கள். நம்மூரில் கரும்புக்கு மறுதாம்பு விடுவோமே, அதே மாதிரி. பாசி படர்ந்த ஒரே அடிக்கட்டையிலிருந்து கொத்தாகக் கழிகள் நிமிர்ந்து நிற்பதைக் குனிந்து பாருங்கள், அவ்வளவு அழகு!

அப்புறம், பாதையை விட்டு இறங்காதீர்கள். புளூபெல் இலை மிதிபட்டால் அந்தச் செடி தேற வருடக்கணக்காகும். களிமண் தரை, அதனால் பூட்ஸ் அவசியம்.