கிட்டார் பட்டறை: வாசகர் கேள்விகள்

கேள்வி: பழைய அக்கூஸ்டிக் கிட்டார் ஒன்று வாங்கினேன். கம்பிகள் ரொம்ப உயரத்தில் நிற்கின்றன. எஃப் கார்டு பிடித்தால் விரல் வலி தாங்கவில்லை. உடம்புப் பக்கம் கம்பிகள் ஏறி நிற்கும் பட்டையான சேடிலைத் தேய்த்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். எந்த அரம் வாங்கலாம்? (திருச்சி வாசகர்)

பதில்: அரம் இப்போதைக்கு வேண்டாம். டூவீலர் உதிரிபாகக் கடையில் ஃபீலர் கேஜ் கேளுங்கள். வால்வு இடைவெளி பார்க்க மெக்கானிக்குகள் வைத்திருக்கும் தகட்டுக் கட்டு அது. அதோடு நல்ல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று. கம்பி உயர்ந்து நிற்க நெக் (கழுத்து), நட் (தலைப்பக்கம் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் பட்டை), சேடில் என்று மூன்று இடங்கள் காரணமாகலாம். இதே வரிசையில்தான் பார்க்க வேண்டும். நெக்கைப் பார்க்காமல் சேடிலில் கை வைத்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர். நெக்கை நேராக்கியதும் கம்பி தாழ்ந்துபோய், நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடான ஃப்ரெட்டில் உரசும். அப்புறம் புது சேடில்தான் போட வேண்டியிருக்கும்.

கம்பிகளைச் சுருதி சேர்த்துவிட்டு, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) மாட்டுங்கள். நெக்கும் உடம்பும் சேரும் இடத்தில் உள்ள ஃப்ரெட்டில் ஆறாவது கம்பியை அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே உங்கள் மட்டப்பலகை. ஏழாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே 0.2 அல்லது 0.3 மி.மீ. தகடு உரசாமல் நுழைந்தால் நெக் நன்றாக இருக்கிறது. அரை மில்லிமீட்டர் தகடும் சும்மா போய் வருகிறதென்றால் கம்பிகளின் இழுவைக்கு நெக் முன்பக்கமாக வளைந்துவிட்டது என்று அர்த்தம். ஆலன் கீயால், நெக்குக்குள் இருக்கும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடைக் கடிகாரம் சுற்றும் பக்கமாகக் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். மறுபடி சுருதி சேர்த்து அளந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த கால் சுற்று. திருகு இறுகி மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். ராட் முறிந்தால் ஃப்ரெட்டுகள் பதித்த பலகையான ஃப்ரெட்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும்.

அடுத்தது நட். கேப்போவை எடுத்துவிட்டு, மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தி, முதல் ஃப்ரெட்டின் மேல் அதை லேசாகத் தட்டுங்கள். ‘டிக்’ என்று மிக மெல்லிய சத்தம் வர வேண்டும். கண்ணுக்கே தெரிகிற இடைவெளி இருந்தால் நட்டின் பள்ளம் போதவில்லை. எஃப் கார்டில் விரல் வலிக்கப் பெரும்பாலும் இதுதான் காரணம். நட் அரம் செட் விலை அதிகம். கேஸ் வெல்டிங் சாமான் விற்கும் கடையில் நாசில் கிளீனர் கிடைக்கும்; பல தடிமனில் சொரசொரப்பான கம்பிகள் மடக்குக் கத்திபோல ஒரே உறையில் இருக்கும். உங்கள் கம்பியைவிட ஒரு இழை தடித்ததை எடுத்து, தலைப்பக்கம் சரிவாக இறங்கும்படி இரண்டு மூன்று இழுப்பு இழுங்கள். கம்பியை மாட்டித் தட்டிப் பாருங்கள். மறுபடி இரண்டு இழுப்பு. இதில் அவசரமே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் உயரம் இருந்தால்தான் சேடில். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பிக்குக் கீழே 2.5 மி.மீ., முதல் கம்பிக்குக் கீழே 2 மி.மீ. இருந்தால் சுகமாக வாசிக்கலாம். அங்கே அரை மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சேடிலில் ஒரு மில்லிமீட்டர் குறைக்க வேண்டும், ஏனென்றால் பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் நட்ட நடுவில் இருக்கிறது. கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, சேடிலின் அடிப்பக்கத்தை அதில் தேயுங்கள். மேல் வளைவைத் தொடாதீர்கள்.

கேள்வி: 650 மி.மீ. கம்பி நீளத்தில் கிளாசிக்கல் கிட்டார் செய்கிறேன். ஃப்ரெட்போர்டில் ஒவ்வொரு கோடாக அளந்து அறுத்தேன். பன்னிரண்டாவது ஃப்ரெட் ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப்போய்விட்டது. எங்கே தவறு? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: மீதியுள்ள நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட் வரும். கணக்கை அப்படிப் போடலாம், கோட்டை அப்படிப் போடக் கூடாது. ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டை அளந்துகொண்டே போனால் பென்சில் முனையின் தடிமன்கூட ஒவ்வொரு முறையும் சேர்ந்துகொண்டே வரும். எல்லா அளவையும் நட்டின் விளிம்பிலிருந்தே எடுங்கள். உங்கள் கிட்டாருக்கு முதல் ஃப்ரெட் 36.48, ஐந்தாவது 163.05, ஏழாவது 216.18, பன்னிரண்டாவது 325 மி.மீ. ஸ்கேலைப் பலகையோடு கிளாம்ப் போட்டு, கடைசிக் கோடு வரை அதை நகர்த்தாமல், பென்சிலுக்குப் பதில் கூரான கத்தியால் குறியுங்கள். கத்திக் கீறலில் ரம்பத்தின் பல் தானாக உட்காரும். ரம்பம் போடும் வெட்டு ஏறக்குறைய 0.6 மி.மீ. இருக்கலாம், துண்டு மரத்தில் அறுத்து, ஃப்ரெட் கம்பியைத் தட்டிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இந்தப் பலகையில் இனி மெனக்கெட வேண்டாம், புதிது எடுங்கள்.

கேள்வி: காரில் வைத்திருந்த ஸ்டீல் கம்பி கிட்டாரின் பிரிட்ஜ் (உடம்பில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) பின்பக்கம் தூக்கிக்கொண்டது. இடுக்கில் ஃபெவிகால் விடலாமா? எங்கள் ஊர் ஆசாரி வச்சிரம் காய்ச்சி ஒட்டலாம் என்கிறார். (ஈரோடு வாசகர்)

பதில்: ஆசாரி சொல்வது சரி. தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கிற அந்தப் பசையைத்தான் பழைய கிட்டார் தச்சர்களும் நம்பினார்கள். அந்த ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 70 கிலோ. அவ்வளவு இழுவையில் வெள்ளைப் பசை மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும், மூடிய காரின் வெயிலில் இளகியும் விடும். வச்சிரம் காய்ந்தால் கல். கழற்ற வேண்டி வந்தால் ஈரமும் சூடும் காட்டினால் விட்டுவிடும்.

ஆனால் எந்தப் பசையானாலும் இடுக்கில் விடாதீர்கள். பழைய பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது. கம்பிகளைத் தளர்த்திக் கழற்றி, பிரிட்ஜைச் சூடாக்கி, மெல்லிய பட்டிக் கத்தியை விட்டு முழுசாக எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கமும் வெறும் மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். முதல், ஆறாவது கம்பிகளின் முனை செருகும் துளைகளில் நீளமான போல்ட் விட்டு, உள்ளே ஒரு சட்டம் வைத்து விங் நட்டால் இறுக்கினால் ஆழக் கிளாம்ப் தேவைப்படாது. பசையில்லாமல் ஒருமுறை இறுக்கி ஒத்திகை பாருங்கள், வச்சிரம் ஒரு நிமிஷத்திலேயே உறையத் தொடங்கிவிடும். பசையைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரியில் சூடாக்குங்கள்; கொதித்தால் பிடிப்பு போய்விடும். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு, மறுநாள் கம்பி மாட்டுங்கள்.

கேள்வி: பலா மரத்தில் கிட்டார் செய்யலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: முதுகுக்கும் பக்கங்களுக்கும் தாராளமாக. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் உங்கள் ஊரில் அந்த மரம்தானே? மேல்பலகைக்கு மட்டும் ஸ்ப்ரூஸ் அல்லது சீடர் வாங்குங்கள், லேசாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோர்ரெஸ் 1862-இல் காகித அட்டையில் முதுகும் பக்கமும் வைத்து ஒரு கிட்டார் செய்தார். மேல்பலகை மட்டும் ஸ்ப்ரூஸ். பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.