ஆஃப்ரோடு வண்டிக்கு முதலில் சஸ்பென்ஷனா, ஆக்ஸிலா?

தினசரி ஓட்டத்துக்கும் கரடுமுரடான பாதைக்கும் ஒரே வண்டி, எதை முதலில் மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். டயர் அளவை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

லிஃப்ட் கிட் (சஸ்பென்ஷனை உயர்த்தும் பாகங்கள்) போட்டால் எல்லாமே உயர்ந்துவிடாது. இடது, வலது சக்கரங்களை ஒரே அச்சு இணைக்கும் சாலிட் ஆக்ஸில் வண்டியில் பாடி மட்டும்தான் மேலே போகும். பாறையில் இடிக்கும் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும், ஆக்ஸிலில் உள்ள கியர் பெட்டி) அதே உயரத்தில்தான் தொங்கும். அதை உயர்த்துவது டயர்தான், அதுவும் கூடிய விட்டத்தில் பாதி: 31 அங்குலத்திலிருந்து 35க்குப் போனால் கிடைப்பது 2 அங்குலம். அந்த 35 சும்மா வராது. ஆக்ஸிலில் இப்போது இருப்பது 3.73 கியர் விகிதம் (சக்கரம் ஒரு முறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) என்றால் வண்டி இழுக்கத் திணறும். பழைய இழுவைக்கு ஏறக்குறைய 4.21 வேண்டும். ஆக்ஸில் ஷாஃப்ட், பிரேக் இரண்டுக்கும் சுமை கூடும்.

இருவகை ஓட்டத்துக்கு நான் சொல்வது: 33 அங்குல டயர், 2 அங்குல லிஃப்ட், நல்ல ஷாக் அப்சார்பர், பின் ஆக்ஸிலில் லாக்கர் (இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலப் பூட்டும் சாதனம்). ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழலும்போது லாக்கர் இல்லாத சாதாரண (ஓப்பன்) டிஃபரன்ஷியல் கைவிட்டுவிடும். லாக்கர் தரையில் இருக்கும் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றும். முன்பக்கம் இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் அசைவது) என்றால் லிஃப்ட் ஏற ஏற சிவி ஜாயின்ட்டின் (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் வளையும் மூட்டு) கோணம் கூடி, சீக்கிரம் தேயும். வேலை முடிந்த கையோடு வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.