கௌரவ டாக்டர் பட்டம்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தமிழக எல்லையை ஒட்டி, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். என் பெரியப்பா நாதஸ்வரக் கலைஞர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எல்லைக்கு இருபுறமும் உள்ள கோயில்களில் வாசித்தே குடும்பத்தைக் காப்பாற்றியவர். கல்பாத்தித் தேரிலும் வாசித்திருக்கிறார். சென்ற மாதம் ஓர் அமைப்பிலிருந்து அவருடைய வாட்ஸ்அப்புக்குச் செய்தி வந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தருகிறார்களாம். கோவையில் ஓர் ஓட்டல் அரங்கில் விழா. பதிவுக் கட்டணம் 30,000 ரூபாய். அங்கியும் தொப்பியும் அவர்களே கொடுத்துவிடுவார்கள். "இத்தனை வருஷம் ஊதினதுக்கு யாரும் ஒண்ணும் செய்யலை, இதையாவது வாங்கிக்கட்டுமே" என்கிறான் என் தம்பி. பெரியப்பா வாயே திறக்கவில்லை.

இது செல்லுமா? பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமா? உண்மையான பல்கலைக்கழகங்களும் அரசியல்வாதிகளுக்கும் நடிகர்களுக்கும்தானே இதைக் கொடுக்கின்றன, அப்படியென்றால் இந்த வழக்கத்தையே ஒழித்துவிடுவது நல்லதல்லவா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

பணம் கட்டாதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம். இதை முதலில் உங்கள் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.

இந்தியாவில் பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 22ஆம் பிரிவில் வரையறுத்திருக்கிறது. மத்திய அரசோ மாநில அரசோ சட்டம் இயற்றி நிறுவிய பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றச் சட்டத்தால் தனியே அதிகாரம் பெற்ற நிறுவனம் ஆகியவற்றுக்கு மட்டுமே அந்த உரிமை. அறக்கட்டளையோ மனித உரிமைக் கழகமோ கலைச் சங்கமோ எவ்வளவு பெரிய அரங்கில் விழா எடுத்தாலும் டாக்டர் பட்டம் தர முடியாது. வெளிநாட்டில் முறையாக இயங்கும் பல்கலைக்கழகம் ஒருவரைக் கௌரவிக்க விரும்பினால் தன் பெயரில் கடிதம் அனுப்பும், தன் பட்டமளிப்பு விழாவுக்கு அழைக்கும், கட்டணம் கேட்காது. இந்த மோசடி பெருகியதற்கு ஒரு காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 24ஆம் பிரிவு விதிக்கும் உச்ச தண்டனை ஆயிரம் ரூபாய் அபராதம். ஒரே மாலையில் பல லட்சம் திரட்டுகிறவருக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

ஏமாறுகிறவர்கள் விவரமில்லாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தின் அரங்கிலேயே ஒரு தனியார் அமைப்பு விழா நடத்தி, திரைக்கலைஞர்கள் உள்ளிட்ட பலருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் என்று சொல்லித் தாள்களைக் கொடுத்தது. தனக்கு இதில் தொடர்பே இல்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்துக் காவல்துறையில் புகார் கொடுத்தது. வளாகம் உண்மை, அரங்கு உண்மை, வந்திருந்த பிரமுகர்கள் உண்மை. பட்டம் மட்டும் பொய். ஆகவே உங்கள் தம்பி நம்பியதில் வியப்பில்லை.

அவருடைய சொல்லில் இருக்கும் வருத்தமும் முற்றிலும் நியாயமானது. இந்த அமைப்புகள் பிழைப்பதே அந்த வருத்தத்தை வைத்துத்தான். பல்கலைக்கழகங்கள் தேடிப் போயிருக்க வேண்டிய மனிதர்களை அவை தேடிப் போகாத காரணத்தால், அந்த வெற்றிடத்தில் ரசீதுப் புத்தகத்தோடு வேறு யாரோ வந்து நிற்கிறார்கள்.

கௌரவப் பட்டம் எதற்காக இருக்கிறது என்பதற்குத் தமிழில் உ.வே. சாமிநாதையரைவிடத் தெளிவான சான்று இல்லை. அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர் அல்லர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டதுதான் அவருடைய படிப்பு. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதன் பின் பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று ஏடுகளிலிருந்து அச்சுக்கு அவர் கொண்டுவந்த நூல்கள்தாம் பல்கலைக்கழகத் தமிழ்க் கல்வியின் அடித்தளமாயின. சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது 1932இல். அப்போது அவருக்கு வயது 77. சிந்தாமணி வெளிவந்து 45 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவர் தேடித் தந்த நூல்களைப் பாடமாகப் படித்துப் பட்டம் பெற்றவர்கள் பலர் இருந்த காலத்தில் அவருக்கு மட்டும் பட்டம் இல்லை. அந்த 1932ஆம் ஆண்டு விழாவை ஒரு பல்கலைக்கழகம் தன் கடனை ஒப்புக்கொண்ட நாளாகவே நான் எண்ணுகிறேன். எங்களிடம் படிக்காத ஒருவரிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்டோம் என்று ஒரு கல்வி நிறுவனம் பொதுவில் சொல்வதற்கு உள்ள ஒரே சடங்கு இது. கௌரவப் பட்டத்துக்கு வேறு நியாயம் எதுவும் இல்லை.

அந்தச் சடங்கு எவ்வளவு கண்ணியமாக நடக்க முடியும் என்பதை 1940 ஆகஸ்ட் 7ஆம் நாள் சாந்திநிகேதனில் பார்த்தார்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் தாகூருக்கு டாக்டர் பட்டம் அளிக்க முடிவு செய்தபோது அவர் முதுமையாலும் நோயாலும் தளர்ந்திருந்தார். ஆகவே பட்டமளிப்பு விழாவே அவர் இருந்த இடத்துக்கு வந்தது. பல்கலைக்கழகத்தின் சார்பில் அன்றைய இந்தியத் தலைமை நீதிபதி மாரிஸ் குவையரும் ராதாகிருஷ்ணனும் வந்தார்கள். வழங்கியவர்கள் லத்தீனில் பேசினார்கள், அவர் சமஸ்கிருதத்தில் மறுமொழி சொன்னார். சரியாக ஓராண்டு கழித்து அதே தேதியில் அவர் மறைந்தார்.

நம் பக்கத்திலேயே பாருங்கள். பாலக்காட்டுக் கல்லூரிகள் இணைந்திருக்கும் கோழிக்கோடு பல்கலைக்கழகம் 1987இல் வைக்கம் முகம்மது பஷீருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. உப்பு சத்தியாகிரகக் காலத்தில் பள்ளியைவிட்டு ஓடியவர் அவர். பிறகு நாடெங்கும் அலைந்து, கிடைத்த வேலைகளையெல்லாம் செய்து, மலையாள உரைநடையைத் தெருவில் பேசும் மொழிக்கு அருகே கொண்டுவந்தார். 2022 நவம்பரில் காந்திகிராமப் பல்கலைக்கழகம் மிருதங்கக் கலைஞர் உமையாள்புரம் சிவராமனுக்கும் இளையராஜாவுக்கும் ஒரே மேடையில் பட்டம் வழங்கியது. இளையராஜாவின் பண்ணைப்புரம் நம்மைப் போல எல்லையோர ஊர்தான், மலையைத் தாண்டினால் இடுக்கி. இப்படி வழங்கப்படும்போது ஏன் இவருக்கு என்று யாரும் கேட்பதில்லை. பாராட்டுரையை வாசிப்பதற்கு முன்பே காரணம் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

ஆனால் நீங்கள் குறிப்பிடும் சீரழிவும் உண்மை. நடிகருக்குக் கொடுப்பதில் எனக்குத் தடையில்லை. நடிப்பும் ஒரு கலை, அதில் சிகரம் தொட்டவரைக் கௌரவிக்கலாம். எனக்குத் தடை அதிகாரத்தில் இருப்பவருக்குக் கொடுப்பதில்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1968இல் அண்ணாதுரைக்கும் 1971இல் கருணாநிதிக்கும் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. இருவரும் எழுத்தாளர்கள், தமிழ் மேடைப்பேச்சை மாற்றியமைத்தவர்கள். அந்தத் தகுதியை நான் மறுக்கவில்லை. ஆனால் இருவருமே பட்டம் பெற்றபோது முதலமைச்சர்கள். மாநில அரசின் பார்வைக்குக் கீழே இயங்கும் ஒரு பல்கலைக்கழகம் பதவியில் இருக்கும் முதலமைச்சருக்குப் பட்டம் தரும்போது, அது பேனாவுக்கா நாற்காலிக்கா என்பதை வழங்குகிறவரும் நிரூபிக்க முடியாது, பெறுகிறவரும் நிரூபிக்க முடியாது. தகுதியுள்ளவர்களுக்கே அது அநீதியாகிவிடுகிறது. பதவியில் இருக்கும்வரை எந்த அரசியல் தலைவருக்கும் கௌரவப் பட்டம் இல்லை என்று நம் பல்கலைக்கழகங்கள் விதி செய்துகொண்டால் பாதி நோய் தீரும்.

இதை எதிர்த்து வாக்களித்த பல்கலைக்கழகமும் உண்டு. பிரிட்டனில் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஆக்ஸ்போர்டில் படித்துப் பிரதமரானவர்களுக்கெல்லாம் அந்தப் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் அளித்துவந்தது. 1985இல் மார்கரெட் தாட்சரின் முறை வந்தபோது, அவருடைய அரசு கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் நிதியைக் குறைத்ததைச் சுட்டிக்காட்டி ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். வாக்கெடுப்பில் ஆதரவு 319, எதிர்ப்பு 738. பட்டம் தரப்படவில்லை. அந்த முடிவு சரியா என்று இன்றும் வாதிடலாம். பதவியில் இருக்கும் பிரதமரின் பெயரை ஆசிரியர்கள் கூடி வெளிப்படையாக விவாதித்து எண்ணிக்கையோடு மறுக்க முடிந்தது என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நம் பல்கலைக்கழகங்களிலும் சிண்டிகேட் என்ற ஆட்சிக்குழு, செனட் என்ற பேரவை, வேந்தர் என்று படிகள் இருக்கின்றன. ஆனால் யாருடைய பெயர் யாரால் முன்மொழியப்பட்டது, என்ன காரணம் எழுதப்பட்டது என்பது நாளிதழில் படம் வந்த பிறகும் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

ஒழித்துவிடலாமே என்கிறீர்கள். அப்படிச் செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கௌரவப் பட்டமே வழங்குவதில்லை. அதை நிறுவிய வில்லியம் பார்ட்டன் ரோஜர்ஸ், போலித் தகுதிக்கும் இரைச்சலான புகழுக்கும் போடும் பிச்சை என்ற பொருளில் இந்த வழக்கத்தைக் கண்டித்தவர். ஸ்டான்போர்டும் வழங்குவதில்லை. கார்னெல் தன் வரலாற்றில் இரண்டே இரண்டு பட்டங்களை 1886இல் வழங்கியதோடு நிறுத்திக்கொண்டது. அந்த நாட்டுக்கு அது சரியாக இருக்கலாம். அங்கே அறிவு பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் வழியாகவே வந்துவிடுகிறது. நம் நிலத்தில் நிலைமை அப்படி அல்ல என்பதால்தான் நான் ஒழிப்புக்கு உடன்படவில்லை.

வடக்கே பட்டாம்பி, ஷொரணூர் பக்கம் பத்ரகாளி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக் கூத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் ராவண வதத்தைக் காண முடியாமல் போன தேவிக்காக ஆண்டுதோறும் ராமகதையை ஆடிக் காட்டுவதாக ஐதிகம். நீண்ட கூத்துமாடத்துக்குள், வெள்ளைத் திரைக்குப் பின்னால், தேங்காய் மூடிகளில் எண்ணெய் வார்த்து வரிசையாக 21 விளக்குகள் ஏற்றியிருப்பார்கள். உள்ளே போய் உட்கார்ந்தால் எண்ணெய்ப் புகையும் வெக்கையும் கண்ணைக் கரிக்கும். மான்தோலில் துளையிட்டுச் செய்த பாவையைத் திரையில் ஒட்டிப் பிடித்தபடி புலவர் பாடுவது கம்பனின் தமிழ்ப் பாட்டு. பாடி முடித்ததும் பொருள் சொல்லத் தொடங்குவார். எதிர்ப்பக்கத்துப் பாவையைப் பிடித்திருப்பவர் இடைமறித்து ஒரு தடை எழுப்புவார்; அதற்கு விடை, விடைக்குள் இலக்கணம், ஜோதிடம், புராணம் என்று ஒரே பாட்டில் அரை மணி நேரம் போய்விடும். திரைக்கு முன்னால் பாயில் நாலைந்து பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள், சில இரவுகளில் அவர்களும் இருப்பதில்லை. வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள், தமிழ் எழுத்தைப் பள்ளியில் படிக்காதவர்கள், தலைமுறை தலைமுறையாகக் கம்பனை வாய்வழியாகக் காத்துவருகிறார்கள். இந்த மரபின் ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எத்தனையோ கம்பராமாயண ஆய்வேடுகள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு ஈடான, பல நேரம் அவற்றைவிட ஆழமான ஓர் உரைமரபு அந்த மாடங்களில் இருக்கிறது. இத்தகைய அறிவை ஒரு பல்கலைக்கழகம் தனக்குச் சமமானது என்று ஏற்க வேறு என்ன வழி இருக்கிறது? ஆய்வேடு எழுதச் சொல்ல முடியாது, தேர்வு வைக்க முடியாது. கௌரவப் பட்டம் என்ற ஏற்பாடு இவர்களுக்காகவே இருக்க வேண்டும்.

டாக்டர் என்று போட்டுக்கொள்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சி செய்து பெற்ற பட்டமும் கௌரவப் பட்டமும் வேறுவேறு. கௌரவப் பட்டத்தைத் தகுதியாகக் காட்டிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. பெறுகிறவர் தாமே அதைப் பெயருக்கு முன்னால் எழுதிக்கொள்வதில்லை என்பதுதான் நல்ல பல்கலைக்கழகங்கள் எதிர்பார்க்கும் மரபு. உ.வே.சா. பெயரில் 1943இல் தொடங்கிய நூலகத்தின் பெயரில் டாக்டர் என்று இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அது அவர் மறைந்த பின் மற்றவர்கள் மரியாதையாக வைத்தது. ஒருவர் தம் வீட்டு வாசலில் தாமே பலகை மாட்டிக்கொள்வது அதுபோல் அல்ல.

இனி உங்கள் பெரியப்பா. அவருக்கு உரிய மதிப்பைப் பெற்றுத்தர வழிகள் இருக்கின்றன, மெதுவானவை என்றாலும் நேரானவை. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு, முறையான கல்வித் தகுதி இல்லாவிட்டாலும் தம் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உள்ள வல்லுநர்களை உயர்கல்வி நிறுவனங்கள் பேராசிரியர்களாக அமர்த்திக்கொள்ளலாம் என்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. நுண்கலைகளும் அதில் அடங்கும். பாலக்காட்டிலேயே செம்பை வைத்தியநாத பாகவதர் பெயரில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. அங்கே அவரை அழைத்து மாணவர்கள் முன் வாசிக்கவும் பேசவும் வைக்கும்படி நீங்களே கேட்கலாம். கௌரவப் பட்டத்துக்கு அவர் பெயரைப் பரிசீலிக்கும்படி பல்கலைக்கழகச் சிண்டிகேட் உறுப்பினருக்கு எழுதுவதிலும் தவறில்லை. அந்தக் கடிதத்தை அவர் எழுதக் கூடாது, அவரிடம் கற்றவர்களும் அவரைக் கேட்டவர்களும் எழுத வேண்டும்.

அதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெரியப்பாவை உட்காரவைத்து அவர் வாசிப்பதையெல்லாம் பதிவு செய்யுங்கள். கோயில் சடங்குகளுக்கென்றே உள்ள மல்லாரிகளில் தேர் மல்லாரி, தளிகை மல்லாரி, தீர்த்த மல்லாரி ஒவ்வொன்றையும் எந்தக் கோயிலில் எந்தச் சடங்கின்போது வாசிப்பார், யாரிடம் கற்றார், எல்லைக்கு அந்தப்பக்கக் கோயில்களில் எது மாறுகிறது, நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியை அவர் எப்படிப் பதப்படுத்துகிறார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த 30,000 ரூபாயில் நல்ல ஒலிப்பதிவுக் கருவி ஒன்று வாங்கலாம், கூட வாசிக்கும் தவில்காரருக்குச் சன்மானமும் கொடுக்கலாம். எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். சிண்டிகேட்டுக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பத்தை நாம் சேர்ந்து எழுதுவோம்.