தண்ணீர்ப் பூங்காவுக்குச் சிக்கனப் பயணம்

கேள்வி: கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து இரு பிள்ளைகளுடன் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டருக்குச் செல்ல விரும்புகிறோம். செலவைக் குறைப்பது எப்படி?
– வாசகி, பெரம்பூர்

பதில்: நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில் சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்பட்டுக் காலையில் மேட்டுப்பாளையத்திலேயே இறக்கிவிடுவதால், படுக்கை வசதிப் பெட்டியில் முன்பதிவு செய்துகொண்டால் ஓரிரவு விடுதி வாடகை மிச்சமாகும், பூங்காவும் ஊட்டி சாலையில்தான் இருக்கிறது. இத்தகைய பூங்காக்களில் சிறுவர் கட்டணத்தைப் பெரும்பாலும் வயதைக் கொண்டல்லாமல் உயரத்தைக் கொண்டே நிர்ணயிப்பார்கள் என்பதால், புறப்படுமுன் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி அளந்து பாருங்கள். பருத்தி ஆடையுடன் நீரில் இறங்கப் பொதுவாக அனுமதிப்பதில்லை. நைலான் உடையை வீட்டிலிருந்தே கொண்டு செல்லாதவர்கள் அங்கே வாடகைக்கு எடுக்கவோ விலைக்கு வாங்கவோ நேரிடும் (பணம் கரைவது பெரும்பாலும் இங்கேதான்). வெளி உணவுக்குத் தடை இருக்கக்கூடும். ஆகவே காலைச் சிற்றுண்டியை ஊருக்குள்ளேயே வயிறார முடித்துவிடுங்கள். கூட்டம் குறைந்த வார நாளே உகந்தது.