கொடையில் யாருக்குப் பொன்னாடை?

கேள்வி: அம்மன் கோயில் கொடைக்கு (திருவிழாவுக்கு) வரும் வில்லிசை (வில்லுப்பாட்டு)க் குழுவையும், விடிய விடியக் கூடமாட நிற்கும் எங்கள் ஊர் இளவட்டங்களையும் கௌரவிக்க வேண்டும். எப்படிச் செய்யலாம்? – அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: கதைக்கு நடுவே மேடையேறவே கூடாது. சாமியை அழைக்கும் வரத்துப் பாடி அருள் ஏறுகிற நேரத்தில் மைக்கை வாங்கினால் பாட்டும் அறுந்துபோகும், சாமியாடியும் தடுமாறுவார். கடைசியில் வாழ்த்தாக வாழி பாடி முடிக்கும்போது கூட்டம் கலைந்துவிடும். எனவே தொடக்கத்தில் பாடும் காப்புப் பாட்டுக்கு முந்தைய பத்து நிமிடமே சரி.

பலர் கதை பாடும் தலைமைப் புலவருக்கு மட்டும் பொன்னாடை போர்த்திவிட்டு இறங்கிவிடுகிறார்கள். இது பெரிய குறை. குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை, பின்பாட்டு என எல்லோருடைய பெயரையும் முதல் நாளே எழுதி வாங்கி, பிழையில்லாமல் வாசியுங்கள். பீரோவில் தூங்கும் சால்வையைவிட நல்ல வேட்டியும் ரொக்கமும் உதவும். அதைப் பேசிய சம்பளத்தில் கழிக்காதீர்கள்.

சுக்குக் காப்பி போட்டவருக்கும் மைக்செட்டுக்குக் காவல் நின்றவருக்கும் அதே மேடை, அதே வேட்டி.

மூத்த கலைஞர்களுக்கு மாவட்டக் கலை மன்ற விருதுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுங்கள்: 51 முதல் 65 வயது வரை கலை நன்மணி, 66 முதல் கலை முதுமணி. நிகழ்ச்சி நோட்டீஸ்களையும் புகைப்படங்களையும் இப்போதே சேர்த்து வையுங்கள். சான்று இல்லாமல் விண்ணப்பம் தடுமாறக் கூடாது.